வெட்டுப்பட்ட கடைசிப் பாட்டு

நைனா,

இதை நீ படிக்கும்போது உனக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே இந்த நோட்டு உன் கையில் அகப்பட்டால் மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. இப்போது எனக்குப் பத்தொன்பது, உனக்குப் பத்து மாதம். நான் எழுத எழுத நீ என் மடியில் கிடந்து நோட்டின் மூலையைச் சப்பிக்கொண்டிருக்கிறாய். இந்தப் பக்கத்தின் ஓரம் ஊறிச் சுருண்டிருந்தால் அது உன் வேலைதான். அம்மா சொல்கிறாள் என்று கைகட்டிக்கொண்டு படிக்க வேண்டாம். நீ படிக்கும் நாளில் நாற்பதை நெருங்கிய ஒருத்தி அடுப்பண்டை நின்றுகொண்டிருப்பாள், அவளை விடு. இதை எழுதுகிறவள் உன் வயதுக்காரி. ஒரே வயதுள்ள இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. நேரில் பேச எனக்கு அவ்வளவாக வராது. எழுத வரும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, நாஷ்டாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்ததும் உன்னைத் தூக்கி, உன் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினார். நீ அவரைப் பார்த்தாய், சிரித்தாய். சத்தம் மட்டும் போடவில்லை.

"பத்து மாசம் ஆச்சு. எம்புள்ள இந்த வயசுல ஊட்டையே ரெண்டாக்குனான். இதுகிட்ட ஒரு சத்தம் காணோம். எல்லாம் அந்தச் சாவுப் பாட்டாலதான். நாள் பூரா அதையே போட்டுக்கினு இருந்தா புள்ள எப்படிப் பேசும்? உன்ன மாதிரி ஊமைக் கோட்டானாத்தான் வளரும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா, வாயத் தொறக்கிறாளா பாரு! சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள அந்தப் பாட்டுத் தட்டு இந்த ஊட்ல இருக்கக் கூடாது. இருந்துச்சு, நானே ஒடைச்சுக் குப்பையில போட்டுடுவேன், சொல்லிட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் மூன்று நாள் எனக்குத் துணையாகப் படுத்திருந்தவர். ஆனாலும் அந்தத் தட்டை உடைக்க நான் விடமாட்டேன். சாயங்காலம் அவரிடம் என்ன சொல்வேனோ தெரியாது. உன்னிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிய ஒரு பொய்யைச் சரிசெய்ய வேண்டும். வீட்டுக் கஷ்டத்தால் என் படிப்பு நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மை அது இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். என் முறை வரும்போது எழுந்து நிற்பேன். எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கவும் தெரியும், தொண்டையைத் தாண்டி மேலே வராது. டீச்சர் என்னை அடித்ததில்லை, திட்டினதுகூட இல்லை. "சரி உக்காரு, அடுத்தது" என்று தாண்டிப் போய்விடுவார். கொஞ்ச நாளில் என் முறை வருவதே நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருப்பவள் படித்து முடித்ததும் எனக்குப் பின்னால் இருப்பவள் தானாக எழுந்துவிடுவாள். நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நான் போகவில்லை. வீட்டில் ஒரு வாரம் கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை, நானேதான் நின்றேன். அது என் முதல் தப்பு.

நாலு வருடம் வீட்டில் கிடந்துவிட்டு, பதினெட்டு ஆனதும் வேலைக்குப் போனேன். அதே வருடம் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் ஹெல்பர். என் வேலை கவரைப்பேட்டை தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு பிளாஸ்டிக் ஷெட்டில். துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வெளிநாட்டுப் பழைய பிளாஸ்டிக் அங்கே வரும். அதில் பாதி, விற்காமல் போன பாட்டு சிடி. நாங்கள் முப்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறப்போம். அட்டைக் காகிதம் ஒரு குவியல், பெட்டி ஒரு குவியல், சிடி ஒரு குவியல். சிடி என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். தட்டு. தட்டுகள் எல்லாம் மிஷினுக்குள் போய்க் கல்லுப்பு மாதிரி தூளாகி வெளியே விழும். எவனோ ஒருவன் ராப்பகலாய் உட்கார்ந்து பாடின பாட்டு, இந்தப் பக்கம் கொட்டினால் அந்தப் பக்கம் உப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்காத சரக்கை வேறு யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாது என்று, அந்த நாட்டிலேயே பெட்டியின் ஓரத்தில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டுத்தான் அனுப்புவார்கள். வெட்டு மால் என்போம். சிலதில் ரம்பம் பெட்டியோடு நின்றிருக்கும். சிலதில் ஆழமாக இறங்கித் தட்டின் விளிம்பையும் தின்றிருக்கும். ஒரு தட்டுகூட ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். போகும்போது கேட்டில் பையை, சோற்றுத் தூக்கை எல்லாம் திறந்து காட்ட வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நூர்ஜஹான் அக்கா. பழவேற்காட்டுக்காரர், கட்டிக்கொடுத்து கவரைப்பேட்டைக்கு வந்தவர். எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். யாராவது என்னைக் கேள்வி கேட்டால் பதில் அவர் வாயிலிருந்து வரும். ஒருநாள் மேஸ்திரி வெளியே போயிருந்த சோற்று நேரத்தில், அக்கா ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் ஒரு தட்டையான பொட்டல் காடு, நீளமாக ஒரு ரோடு, தூரத்தில் ஒரு தண்ணீர் டேங்க். மனிதர் யாரும் இல்லை.

"தே, நம்ம சோழவரம் போற ரோடுடி! இவனுங்க எப்ப வந்து போட்டோ புடிச்சானுங்க?"

மேஸ்திரியின் அறையில் ஒரு பழைய டிவிடி பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் உண்டு. அக்கா சும்மா விளையாட்டுக்கு அந்தத் தட்டை அதில் போட்டார். முதலில் ஒரு கிட்டார், காய்ந்த விரலால் தட்டுவதுபோல். பிறகு ஏதோ ஒரு கம்பி வாத்தியம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போயிற்று. பிடிமானம் இல்லாமல் ஈரத் தரையில் கால் போவதுபோல். அப்புறம் ஒரு ஆள் பாடினார். பாடினார் என்றுகூடச் சொல்ல முடியாது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ தன் கதையைச் சொல்லுகிற குரல். அவர் சொல்லி நிறுத்திய இடத்தில், இருந்தாற்போலிருந்து நாற்பது ஐம்பது வயலின் ஒன்றாக எழுந்தது. தூரத்தில் ஊதுகுழல்கள். கேட் மூடியிருக்கும்போது ரயில் வருவதற்கு முன்பே தண்டவாளத்தில் ஒரு அதிர்வு வருமே, அப்படி.

"இன்னா நூரு, யாரு செத்தா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடி இருந்தது. எனக்கு ஒன்று தோன்றியது, நைனா. அந்த ஆளுக்கும் சத்தமாகப் பேச வராது. ஆனாலும் அவரைத் தாண்டிக்கொண்டு யாரும் எழுந்துவிடவில்லை. ஐம்பது வயலின்காரர்கள் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறார்கள்.

வரிசையின் கடைசியில் இருந்த ரோசம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எங்க சர்ச்சுப் பாட்டுடி. இங்கிலீஷ்ல பாடறாங்க" என்றார். இங்கிலீஷ், வயலின், சோகம். வேறென்னவாக இருக்கும்? நாங்களும் நம்பிவிட்டோம். அன்றிலிருந்து மேஸ்திரி வெளியே போகும்போதெல்லாம் ஏசு பாட்டு போடு என்றால் அந்தத் தட்டுதான். மேஸ்திரி இருக்கும்போதுகூட இரண்டொரு தடவை ஓடியது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ரோசம்மா அக்காவின் அப்பா செத்துப்போனார். அந்தச் செய்தி வந்த காலையில் அக்கா ஷெட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அப்பாவை எடுக்கும்போது அந்தப் பாட்டைப் போட வேண்டும், எப்படியாவது கொண்டுவாருங்கள் என்று. நூர்ஜஹான் அக்கா கையைப் பிசைந்தார். அவர் பையை கேட்டில் எப்போதும் தலைகீழாகக் கொட்டுவார்கள், வாயாடி என்பதால். என் பையை யாரும் பார்ப்பதில்லை. வகுப்பில் என்னைத் தாண்டிப் போனதுபோல் கேட்டிலும் தாண்டிப் போவார்கள். நீ அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம். செக்கப்புக்குக் கொண்டுபோகும் அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கையில் வைத்திருப்பேன். அந்த உறைக்குள், என் எடையும் ரத்த அளவும் எழுதின அட்டைக்குப் பின்னால், தட்டைச் செருகினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாரிடமும் நான் சொல்லவில்லை, நூர்ஜஹான் அக்கா மட்டும் பார்த்தார். நீயும் கூடத்தான் வந்தாய், ஆகவே இதில் உனக்கும் பங்கு உண்டு.

சாவு வீட்டில் மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் அந்த வயலின்கள் கவரைப்பேட்டை முழுக்கக் கேட்டன. தெருவில் போன லாரிகூட நின்று போயிற்று. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களோடு மாலை எடுத்துக்கொண்டு வந்த மேஸ்திரியும் கும்பிட்டு நின்றார். மூன்றாவது பாட்டு ஓடும்போது, திருநின்றவூரிலிருந்து வந்த ரோசம்மா அக்காவின் அண்ணன் மகன் நெளிய ஆரம்பித்தார். சென்னையில் ஏதோ ஆபீசில் நாள் முழுக்க போனில் இங்கிலீஷ் பேசுகிற வேலை அவருக்கு.

"அத்த, இது ஏசு பாட்டு இல்ல."

"பின்ன?"

"லாரி ஓட்டறவன் ஒருத்தன். பொண்டாட்டி உட்டுட்டுப் போயிட்டா. அவள நெனச்சு குடிச்சிக்கினே பாடறான். நிறுத்தச் சொல்லு அத்த, அசிங்கம்."

ரோசம்மா அக்கா தன் அப்பாவின் பெட்டியைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நல்லதாப் போச்சு. எங்கப்பாரு நாப்பது வருசம் லாரி ஓட்டினவருதான். எங்கம்மா வுட்டுட்டுப் போனதும் மெய்தான். குடிச்சதும் மெய்தான். ஓடட்டும்."

பாட்டு ஓடியது. கல்லறை வரைக்கும் கேட்டது. தப்பாகப் புரிந்துகொண்டு போட்ட பாட்டு, சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டுக்கு அர்த்தம் தெரியாமல் கேட்கிறோமே என்று நீ என்றைக்கும் வெட்கப்படாதே. அர்த்தம் தெரிந்தவர் அன்றைக்கு நெளிந்துகொண்டு நின்றார். தெரியாத நாங்கள் அழுதோம்.

ஆனால் மேஸ்திரிக்கு அந்தப் பாட்டு தெரியும் அல்லவா? தன் அறையிலேயே கேட்டவர். மறுநாள் காலையில் எல்லோரையும் நிற்க வைத்தார். அவர் பயமும் நியாயம்தான், ஒரு தட்டு வெளியே போனது தெரிந்தால் ஓனர் அவரைத்தான் தொலைப்பார்.

"எவ எடுத்துக்கினு போனது? ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே போட்டுக் காட்டறீங்க! நூரு, நீதான எப்பப் பாத்தாலும் அத போட்டுக்கினு இருப்ப?"

நூர்ஜஹான் அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான் எடுக்கல" என்று மட்டும் சொன்னார். யார் எடுத்தது என்று கேட்டதற்கு, "தெரியாது" என்றார். அவரை வெளியே போகச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன், நைனா. வாயைத் திறந்தால் முடிந்துவிடும். திறக்கவில்லை. கூச்ச சுபாவம், பாவம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அன்றைக்கு அது கூச்சம் இல்லை. கூச்சத்தின் முக்காட்டைப் போட்டுக்கொண்ட பயம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் அடுத்தவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

மூன்று நாள் நூர்ஜஹான் அக்கா தினமும் வந்து கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றார், மனது மாறி உள்ளே கூப்பிடுவார்கள் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டிப் போவேன். என்னை எல்லோரும் தாண்டிப் போன அதே மாதிரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒவ்வொரு நாளும், "சாப்ட்டியாடி?" என்றுதான் கேட்டார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன், ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று.

"வாயும் வயிறுமா கீற பொண்ண எப்படிடி காட்டிக் குடுப்பேன்?" என்றார்.

அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. வாயும் வயிறுமாக. பிள்ளை உண்டானவளை இப்படித்தான் சொல்வோம், ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வயிறு இருந்தது, நீ உள்ளே உதைத்துக்கொண்டிருந்தாய். வாய் எங்கே?

ரோசம்மா அக்கா தட்டை செய்தித்தாளில் சுற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். வீட்டில் இருந்த பிளேயரில் அன்று சாயங்காலம் முதன்முறையாக அதை முதலிலிருந்து கடைசி வரை தனியாகக் கேட்டேன். பதினான்கு பாட்டு. எனக்குப் பேர் தெரியாது, அட்டை காகிதக் குவியலோடு போய்விட்டது. அதனால் நானே பேர் வைத்தேன். மூன்றாவது, லாரிக்காரர் பாட்டு. ஐந்தாவது, ரயில்வே கேட் மூடின பாட்டு. ஒன்பதாவது, மழை வராத பாட்டு. பதினான்காவதில் அந்த ஆள் மெதுவாக ஆரம்பித்து, எதையோ ஒன்றைச் சொல்லப் போகிறார், வயலின் எல்லாம் மேலே மேலே ஏறுகிறது, இதோ சொல்லிவிடுவார் என்கிற இடத்தில், த, த, த, த, த என்று சிக்கிக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ரம்பம் தின்ற வெட்டு. சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடுமாம், கடைசிப் பாட்டு விளிம்பில்தான் இருக்குமாம், பிளேயர் ரிப்பேர் செய்கிறவர் பிறகு சொன்னார். பாடினவர் என்ன சொல்ல வந்தாரோ, அதை வெட்டிவிட்டுத்தான் எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வாய் திறந்த மனிதரை ரம்பம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். என் வாயில் எந்த ரம்பமும் படவில்லை. நான்தான் மூடிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் சோற்று நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து நின்றேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "நான்தான்" என்றேன், எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், பக்கத்தில் இருப்பவள்கூடத் திரும்பவில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கத்தினேன். நான் கத்துவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. மிஷின் சட்டென்று நின்றது, ஃபேன் நின்றது, எல்லோர் கையும் நின்றது. அந்த அமைதியில் என் குரல் மட்டும் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது:

"தட்ட எடுத்தது நான்தான்!"

மேஸ்திரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு? யாருது இந்தக் கொரலு?"

"அந்த ஊமப் பொண்ணு" என்றார் ஒருவர்.

"இதுக்குப் பேச்சு வருமா?" மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாமா, நூரு சொல்லிக் குடுத்து அனுப்புனாளா?"

நம்ப மாட்டேன் என்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை கத்தியிருக்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறார். குவியலிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன். செக்கப் அட்டை உறையைக் காட்டி, அதற்குள் செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளே போயிற்று. "இப்படித்தான்" என்றேன். ஷெட்டே "அடிப்பாவி!" என்றது. அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த ரோசம்மா அக்கா கையைக்கூடத் தட்டினார்.

மேஸ்திரி உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "செரி. புள்ளத்தாச்சி, உன்ன இன்னா பண்றது. அந்தத் தட்ட கொண்டாந்து குடு. மிஷின்ல போட்டுட்டா வெவகாரம் முடிஞ்சுது. நீயும் வேலையப் பாரு, நூருவும் வரட்டும்."

அவர் சொன்னது நல்ல வழிதான். இன்றைக்கும் உன் அத்தை அதைத்தான் சொல்லிக்காட்டுகிறார், குடுத்துத் தொலைச்சிருக்கலாமே என்று. ஆனால் எனக்குள் இருந்த அந்த த, த, த நிற்கவில்லை.

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"இன்னும் கேட்டு முடிக்கல."

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் வார்த்தை இல்லை. "நூரு அக்காவ உள்ள கூப்புடுங்க. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, என் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். கேட்டில் அன்றைக்கு முதல் தடவையாக என் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார்கள். சிரிக்காதே, எனக்கு அது பெருமையாக இருந்தது. மரத்தடியில் நூர்ஜஹான் அக்கா, "இன்னாடி சோத்து நேரத்துல வெளிய வர?" என்றார். உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். என் காதைப் பிடித்துத் திருகினார், வலிக்கிற மாதிரியே.

"பேசறதுக்கு நாலு நாளு தேவப்பட்டுச்சா உனக்கு?"

அந்தக் கேள்வியை உனக்குச் சொத்தாக விட்டுப் போகிறேன். நீ அதிகம் பேசாத பிள்ளையாக வளர்ந்தால் வளர்ந்துகொள். யாராவது ஊமை என்றால் என்னிடம் அனுப்பு. பேசாமல் இருப்பவர்களால்தான் சில விஷயங்களைக் கேட்க முடியும். ஆனால் உன்னால் இன்னொருவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார் என்றால், நாலு நாள் எடுத்துக்கொள்ளாதே. இன்னொன்று. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வந்ததை நான் வீரமாகச் சொல்லவில்லை. அவர்கள் சட்டப்படி அது திருட்டுதான், அதற்கு வேலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் வருத்தப்படு என்று யாராவது சொன்னால் படமாட்டேன். கன்டெய்னர் கன்டெய்னராய் உப்பாக்கினார்கள். அதில் ஒன்றாவது பாட்டாகவே இருக்கட்டும்.

உன் அப்பா ஆரம்பத்தில் அத்தை கட்சிதான். மில்லில் நாள் முழுக்கக் கம்பி விழும் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர். "இன்னாமே இது, ஆம்பள போயி இப்படி அழறான்?" என்றார். பாட்டை நான் அணைக்கவில்லை. பிறகு ஒருநாள் அவரோடு வேலை செய்கிறவர் கையில் பழுக்கக் காய்ந்த கம்பி பட்டுவிட்டது. அன்றைக்கு வந்து சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அந்த ஆள போடேன்" என்றார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அந்த விபத்தை முதலிலிருந்து சொன்னார், எதையும் விடாமல். அதற்குமுன் மில்லைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில், "நல்லா அழறாரு" என்றார். கவனித்தாயா? அழறான் என்றவர் அழறாரு என்றார். நீ ஆண்பிள்ளை, உன்னிடம் அழாதே என்று நிறைய பேர் சொல்லுவார்கள். உன் அப்பா அந்த ஒரு எழுத்தை மாற்ற எவ்வளவு தூரம் வந்தார் என்பதை அப்போது நினைத்துக்கொள்.

இவ்வளவும் மதியம் வரை எழுதினேன். இனி எழுதுவது சாயங்காலம் நடந்தது. 

அத்தை வரும் நேரத்துக்குத் தட்டை ஒளித்து வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. உன் செக்கப் அட்டை உறை இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்று தள்ளினேன். எடுத்துப் பிளேயரில் போட்டு, சத்தத்தையும் வழக்கத்தைவிடக் கூட்டி வைத்தேன். அத்தை வாசலில் செருப்பை விடும்போது பன்னிரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இன்னா சொல்லிட்டுப் போனேன்?"

"ஒடைக்க வுடமாட்டேன் அண்ணி."

அவர் அப்படியே நின்றுவிட்டார். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவருக்கோ திட்டுவதைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. "தோ பார்றா" என்று சொல்லிவிட்டுப் பிளேயரை நோக்கிப் போனார். நான் குறுக்கே போய் உட்கார்ந்தேன். "எழுந்திரு" என்றார். "மாட்டேன்" என்றேன். "உன் நல்லதுக்கா சொல்றேன்? புள்ள நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். இப்படி நாங்கள் மல்லுக்கட்டியதில் பதின்மூன்று முடிந்து பதினான்கும் பாதி ஓடிவிட்டது. வயலின்கள் ஏறத் தொடங்கின. நீ பாயில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஆள் சொல்ல வந்தார். சிக்கிக்கொண்டார். த, த, த, த, த.

நான் எட்டிப் பிளேயரை அணைத்தேன். அறை அமைதியாயிற்று. அந்த அமைதியில் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"த்த. த்த. த்தா. த்தா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே உன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "தாத்தான்றான்! எங்க நைனாவ, எங்கப்பாவ கூப்புடறான்டி! செத்து அஞ்சு வருசமாச்சு, மொகங்கூட பாக்கல, கூப்புடறான் பாரு!" என்று உன்னை வாரி எடுத்து முத்தம் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இனிமேல் சும்மா இருப்பதில்லை என்று இப்போதுதானே உனக்கு எழுதினேன்.

"தாத்தாவ கூப்புடல அண்ணி. பாட்டு பாடறான். அந்தப் பாட்டு சிக்கிக்கிற எடத்தப் பாடறான்."

அத்தை என்னைப் பார்த்தார், பிளேயரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு இன்னா தெரியும்? வாய மூடிக்கினு அத திரும்பப் போடு. இன்னொருவாட்டி கூப்புடட்டும்."

போட்டிருக்கிறேன். அவர் உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் சுவரோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயலின்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன, வெட்டுப்பட்ட இடம் இதோ வரப்போகிறது. நீ வாயைத் திறந்து தயாராக இருக்கிறாய்.